வீரசோழன் வீட்டில் படம் ஏன் நின்றது?
சிங்கப்பூர் வரை சுற்றிவரும் டெலிவிஷன்!

திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் மிளகாய், பருத்தி. அதுவும் பொய்த்தால் கரிமூட்டம். எதுவும் கைகொடுக்காதபோது இந்தப் பக்கத்து ஆண்கள் அக்கரைச் சீமைக்குப் போனார்கள். முன்பு கப்பல், இப்போது விமானம். துபாய், சார்ஜா, சவுதி என்று சொல்லாத தெரு இங்கே குறைவு.

வீரசோழனில் அப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தகப்பனார் சார்ஜாவில். தாயும் பிள்ளைகளும் ஊரில். ஞாயிற்றுக்கிழமை மாலை. மகள் போன் போடுகிறாள்.

"அத்தா! டி.வி.யில் படம் வரமாட்டேங்குது. 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று எழுதிக் காட்டுது!"

"நம்ம ஊரில் இருந்துகொண்டு நம்ம படம் எப்படிம்மா கிடைக்காமல் போகும்?"

நல்ல கேள்வி. பதில் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. போன விடுமுறைக்கு வந்தபோது அவர் அந்த டி.வி. பெட்டியில் "வி.பி.என்." என்ற செயலி ஒன்றைப் போட்டுப் பழகினார். திரும்பிப் போகும்போது அதை அணைக்க மறந்துவிட்டார்.

அது என்ன வி.பி.என்.?

நீங்கள் அருப்புக்கோட்டைக்கு ஒரு கடிதம் போடுகிறீர்கள். உறையின்மேல் வீரசோழன் முத்திரை விழும். பெறுகிறவர், "இது வீரசோழனிலிருந்து வருகிறது" என்று தெரிந்துகொள்வார்.

அதே கடிதத்தை இன்னொரு உறைக்குள் வைத்து ஒட்டி, சிங்கப்பூரில் உள்ள நண்பருக்கு அனுப்புங்கள். அவர் வெளி உறையைக் கிழித்துவிட்டு, உள்ளே இருப்பதை அங்குள்ள தபால் பெட்டியில் போடுகிறார். இப்போது முத்திரை சிங்கப்பூர்! வழியில் இருக்கும் யாருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது.

வி.பி.என். செய்வது இதுதான். கம்பெனி அலுவலகக் கணக்குகளை ஊழியர்கள் வெளியூரிலிருந்து பத்திரமாகப் பார்க்க இது பெரிதும் பயன்படுகிறது. படம் பார்ப்பதற்கு இதைப் பிடித்துக்கொண்டது பிற்பாடு வந்த பழக்கம்.

ஆகவே, வீரசோழனில் அந்தப் பெண் பொத்தானை அழுத்தியபோது, படக் கம்பெனியின் கண்ணுக்கு அவள் சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்தாள். இந்தியாவுக்கு மட்டும் உரிமை உள்ள படத்தை அவளுக்குக் காட்டக் கம்பெனி மறுத்துவிட்டது.

ஏன் இந்தப் பாகப்பிரிவினை?

உலகம் முழுவதும் ஒரே கம்பி வலைதானே, படத்தை எல்லோருக்கும் காட்டினால் என்ன என்று தோன்றும். சினிமாத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தமிழ்ப் படத்தைச் செங்கல்பட்டு ஏரியா, கோவை ஏரியா, மதுரை–ராமநாதபுரம் ஏரியா என்று பிரித்து விற்பார்கள். வீரசோழனும் முன்பு ராமநாதபுரம் ஜில்லாதான். 1985-ல் பிரித்த பிறகு இப்போது விருதுநகர் மாவட்டம். மதுரை ஏரியாவை வாங்கியவர் கோவையில் பெட்டியை இறக்க முடியாது.

இன்டர்நெட்டிலும் அதே ஏற்பாடு. ஏரியாக்கள் மட்டும் தேச அளவுக்குப் பெரிதாகிவிட்டன.

ஐ.பி.எல். கிரிக்கெட்டையே பாருங்கள். 2023 முதல் 2027 வரை ஆட்டங்களைக் காட்டும் உரிமை 2022 ஜூனில் ஏலம் போயிற்று. இந்தியாவில் டி.வி. உரிமை ரூ.23,575 கோடிக்கு ஸ்டார் நிறுவனத்துக்கு. இன்டர்நெட் உரிமை ரூ.20,500 கோடிக்கு வயாகாம்18-க்கு. (இரண்டும் 2024-ல் ஒன்றாகி, 2025 பிப்ரவரியில் "ஜியோஹாட்ஸ்டார்" பிறந்தது.) அரபு நாடுகள் பக்கத்து உரிமையை வாங்கியது டைம்ஸ் இன்டர்நெட் என்ற வேறு கம்பெனி. இத்தனை கோடி கொட்டியவர்கள் வேலியை வலுவாகத்தான் போடுவார்கள்!

முத்திரை மாற்றி வருகிறவர்களைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. ஒரே கதவிலக்கத்திலிருந்து ஆயிரம் குடும்பங்கள் படம் பார்த்தால் சந்தேகம் வராதா? அந்த இலக்கத்தையே அடைத்துவிடுகிறார்கள். "நெட்பிளிக்ஸ்" கம்பெனி 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. அதே மாதத்திலேயே இப்படி அடைக்கப்போவதாகவும் அறிவித்துவிட்டது.

சரி, படம் ஓட என்ன செய்வது?

முதலில் வி.பி.என்.-ஐ அணைத்துவிட்டுப் பாருங்கள். பாதி நோய் இதிலேயே தீர்ந்துவிடும். அணைத்த பிறகும் "கிடைக்காது" என்றே சொன்னால், செயலி பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கக்கூடும். அதன் தற்காலிக நினைவைத் துடைத்து, வெளியேறி, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, மறுபடி உள்ளே நுழைய வேண்டும்.

அணைத்த பிறகும் படம் திக்கித் திக்கி வந்தால் குற்றம் வி.பி.என். மீது இல்லை, ஊருக்கு வரும் இணைப்பே மெலிந்திருக்கலாம். தெளிவான படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது நெட்பிளிக்ஸ். அது கிடைக்காத இடத்தில் படத்தின் தரத்தைக் குறைத்து வைப்பதே வழி.

அலுவலக வேலைக்காக வி.பி.என். இருந்தே தீரவேண்டிய வீடுகளும் உண்டு. அங்கே, "இந்தச் செயலி மட்டும் நேர் வழியில் போகட்டும்" என்று பிரித்துவிடும் வசதி பல வி.பி.என்.களில் இருக்கிறது. அதில் படம் காட்டும் செயலியைக் குறித்துவிட்டால் போதும்.

சிங்கப்பூரில் ஒரு "இந்தியா"!

சிலர், "பட்டியலில் இந்தியா என்றுதானே தேர்ந்தெடுத்தேன்? ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்கிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதை உண்டு.

2022 ஏப்ரல் 28-ந் தேதி மத்திய அரசின் "செர்ட்-இன்" அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களின் பெயர், விலாசம், போன் நம்பர், கொடுத்த இணைய முகவரி ஆகியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. குற்றவாளிகளைப் பிடிக்க இது தேவை என்றது அரசு. ரகசியம் காப்பதே எங்கள் வியாபாரம் என்றன கம்பெனிகள். எக்ஸ்பிரஸ்வி.பி.என்., சர்ப்ஷார்க், நார்ட்வி.பி.என். ஆகியவை அந்த ஆண்டே இந்தியாவிலிருந்த இயந்திரங்களை எடுத்துவிட்டன.

எக்ஸ்பிரஸ்வி.பி.என். பட்டியலில் "இந்தியா" என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, இயந்திரத்தைச் சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் வைத்தது. ஆகவே வீரசோழனில் கிளம்பும் செய்தி கடலடிக் கம்பி வழியாகச் சிங்கப்பூர் போய், அங்கே இந்திய முத்திரை குத்திக்கொண்டு மறுபடி ஊர் திரும்புகிறது. தாமதமாகாமல் என்ன செய்யும்?

இலவசத்தின் விலை

காசு கொடுக்கத் தயங்கி இலவச வி.பி.என். தேடுகிறவர்கள் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 மே மாதம் அமெரிக்க அரசு "911 எஸ்5" என்ற கள்ள வலையை முறித்தது. மாஸ்க்வி.பி.என்., டியூவி.பி.என். போன்ற பெயர்களில் இலவசமாகக் கிடைத்த மென்பொருள்கள்தான் தூண்டில். போட்டுக்கொண்டவரின் கம்ப்யூட்டர் அவருக்கே தெரியாமல் திருடர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. சிக்கிய இணைய முகவரிகள் 1 கோடியே 90 லட்சம்! மோசடி செய்தவன் எவனோ. முத்திரை விழுந்ததோ அப்பாவியின் வீட்டு முகவரியில். இதை நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட சீனர் சிங்கப்பூரில் கைதானார்.

இந்தியாவில் வி.பி.என். வைத்திருப்பது மட்டுமே குற்றமாகாது. சார்ஜாவில் இருக்கும் தகப்பனாரின் நிலைமை வேறு. ஐக்கிய அரபு எமிரேட்டின் 2021-ம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி, குற்றம் செய்வதற்கோ அதை மறைப்பதற்கோ முகவரியை மாற்றிக் காட்டினால் சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்கி 20 லட்சம் வரை போகிறது. குறைந்த தொகையே நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல்! கம்பெனி வேலைக்கு வி.பி.என். வைத்துக்கொள்ள அங்கேயும் தடையில்லை. தடுத்து வைத்ததைப் பார்க்கவோ, கட்டுப்பாடு உள்ள வாட்ஸ்அப் அழைப்பில் வீட்டாரோடு பேசவோ அதைப் பயன்படுத்தும்போதுதான் வம்பு. பேசுவதற்கு "போட்டிம்" போன்ற அனுமதி பெற்ற செயலிகள் இருக்கின்றன.

வீரசோழன் வீட்டில் தாயார் பெட்டியை அணைத்துப் போட்டார். வி.பி.என். நின்றது. படம் வந்தது. தகப்பனார் அடுத்த ஐ.பி.எல். ஆட்டத்தைச் சார்ஜாவில் பார்க்க விரும்பினால், அந்த ஏரியாவை வாங்கியவரிடம் சந்தா கட்ட வேண்டும்.