முகவர் எழுதும் தலையெழுத்து

கல்வியே இனத்தின் கண் என்று மேடைதோறும் முழங்குகிறோம். பரிசளிப்பு விழாக்களில் பொன்னாடை போர்த்துகிறோம். ஆனால், அதே பிள்ளை கடல் கடந்து படிக்க மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் வேளையில், அதன் எதிர்காலத்தை ஒரு முகவரின் மேசைமேல் வைத்துவிட்டு ஒதுங்கிக் கொள்கிறோம். இது பொறுப்புள்ள சமுதாயத்தின் செயலாகுமா?

மலேசியத் தமிழருக்கு வெளிநாட்டுக் கல்வி என்றுமே வெறும் ஆடம்பரமாக இருந்ததில்லை. 1970களில் உள்நாட்டுப் பல்கலைக்கழக இடங்கள் இன விகிதத்தால் பங்கிடப்பட்ட பின்னர், பலருக்கு அதுவே எஞ்சிய வழியாயிற்று. 1980இல் பிரிட்டன் அயல்நாட்டு மாணவர்க்கு முழுக் கட்டணம் விதித்தபோது அவ்வழியும் குறுகிற்று. 2002இல் தகுதி அடிப்படை என்று அறிவிக்கப்பட்ட பின்னரும், மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். என்னும் இரு வேறு வாயில்கள் நீடிக்கவே செய்கின்றன. எனவே, நகையை அடகு வைத்தும் ஊழியர் சேமநிதியில் கைவைத்தும் பிள்ளையை அனுப்பத் துணியும் பெற்றோரை நான் குறை கூறேன். அந்தத் துணிவை முதலாக்கிப் பிழைப்போரையே சாடுகிறேன்.

“கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்” என்கிறார் முகவர். சேவை இலவசம் என்றும் சொல்கிறார். இலவசமா? மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்கு அயல்நாட்டுக் கல்லூரிகள் தரகு வழங்குவது ஊரறிந்த செய்தி. பிள்ளைக்கு எது ஏற்ற படிப்பு என்பதா, எந்தக் கல்லூரி அதிகம் தரும் என்பதா, அவர் முதலில் பார்ப்பது எதை? முகவர் எல்லாரும் தீயவர் அல்லர். ஆயினும், தரகு பெறுவோரை நடுவராக்குவது பேதைமையே.

ஆஸ்திரேலியா 2024 மார்ச் 23 முதல் ‘உண்மையான மாணவர்’ என்னும் விதியைக் கொண்டு வந்தது. இப்படிப்பை ஏன் தேர்ந்தாய், இதனால் உனக்கு என்ன பயன், தாய்நாட்டில் உனக்குள்ள பிணைப்புகள் யாவை என்று விண்ணப்பம் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 150 சொற்களுக்குள் விடை எழுத வேண்டும். எஸ்.பி.எம். தேறிய பிள்ளைக்கு இது இயலாத காரியமா? ஆனால், பலருக்காக ஒரே வார்ப்பில் எழுதிய விடைகளை முகவர் நீட்டுகிறார், பிள்ளை ஒப்பமிடுகிறது. தன் வாழ்க்கையின் காரணத்தையே பிறர் கையால் எழுதிப் பெறும் பிள்ளை, நேர்காணலில் அதிகாரியின் முன் எதைச் சொல்லி நிற்கும்?

இதனினும் கொடியது பணக் கணக்கு. கல்விக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் வேண்டிய தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. அந்த 28 நாளுக்கு மட்டும் வட்டிக்குப் பணம் வாங்கி நிறுத்தச் சொல்வோர் உளர். 29ஆம் நாள் பணம் பறந்துவிடும், பிள்ளையும் பறந்துவிடும். போன இடத்தில் உண்பது எதை? பட்டப்படிப்பு மாணவர் கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய அந்நாடு அனுமதிப்பதில்லை. பசிக்காக அதைக் கடந்தால் விசாவே பறிபோகும்.

போலி ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் என்னவாகும்? ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டு, பிரிட்டனில் பத்தாண்டு வரை தடை விழக்கூடும். அமெரிக்காவிலோ வாழ்நாள் முழுதும் கதவடைப்பு. தண்டனை ஒப்பமிட்ட பிள்ளைக்கே. முகவர் மறுநாளும் கடை திறப்பார்!

“விதிகளே அநீதியானவை, அவற்றை ஏய்த்தால் என்ன?” என்று கேட்பாருண்டு. அநீதி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மாணவ விசா கேட்பவர் குடியேறவே வருகிறார் என்று அனுமானித்து, அல்லவென மெய்ப்பிக்கும் சுமையை அவர் தலைமேலேயே ஏற்றுகிறது அமெரிக்கச் சட்டம். ஆஸ்திரேலியா 710 டாலராக இருந்த விண்ணப்பக் கட்டணத்தை 2024இல் 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் உயர்த்தியது. இது நம் நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் பெறும் தொழிலாளியின் மூன்று மாத வருவாயை விஞ்சும், மறுக்கப்பட்டாலும் திரும்பாது. இதைக் கண்டிப்போம். ஆனால், அநீதிக்கு விடை பொய்யன்று. பொய், ஏழைப் பிள்ளையை மேலும் ஒரு குழிக்குள் தள்ளுகிறது.

செய்ய வேண்டியது பெரிதன்று. ஆலய மண்டபங்களும் இளைஞர் மன்றங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் நமக்கு எத்தனை! மாதம் ஒருநாள் அங்கே இலவச விண்ணப்ப வகுப்பு நடத்தக் கூடாதா? வெளிநாட்டில் பயின்று திரும்பிய பட்டதாரிகள் அந்த நாளில் வந்தமர்ந்து படிவங்களை விளக்கலாம். பெற்றோரின் உண்மையான வருவாய்க்கு எந்த நாடு எட்டும், எது எட்டாது என்று ஒளிக்காமல் சொல்லலாம். எட்டாதெனில் உள்நாட்டிலேயே வழிகாட்டலாம். விதிகளை அந்தந்த அரசே வெளியிட்டிருக்கிறது. அவற்றில் மறைபொருள் ஏதுமில்லை.

விண்ணப்பத்தைப் பிள்ளை தன் கைப்படவே எழுதட்டும். பிழை இருப்பின் திருத்துவோம். பொய் இருப்பின் அடிப்போம். பொன்னாடைக்குச் செலவிடும் பொழுதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்காத சங்கத்துக்குக் கல்வியைப் பற்றி மேடையில் பேச அருகதை இல்லை.