காதணியும் பச்சைக்குத்தும் கிறித்தவத்துக்குப் பகையோ?

பச்சை குத்திக்கொள்வதும் காது மூக்குக் குத்திக்கொள்வதும் இறைவனுக்கு ஏலாத புறச்சமயத்தார் வழக்கம் என்று தமிழகத்துக் கிறித்தவருள் ஒருசாரார், அவருள்ளும் பெந்தெகொசுதே வழியினர், நெடுநாளாகக் கூறி வருகின்றனர். தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றினாலன்றித் திருமுழுக்குக் கொடாத மன்றங்களும் உள. இதனால், தாய்மாமன் மடியில் குழந்தையை இருத்திக் காது குத்தும் நன்னாளில் உடன்பிறந்தாரே இரு கூறாய் நிற்கின்றனர். முன்கையில் பச்சைக் கோலம் தாங்கிய பாட்டியைப் பேரப்பிள்ளைகளே பழி சுமந்தவளாகப் பார்க்கும் கொடுமையும் நேர்கின்றது.

இத்தடைக்குச் சான்றாகக் காட்டப்பெறுவது லேவியர் நூல் 19-ஆம் பிரிவின் 28-ஆம் தொடர். அது செத்தாரை முன்னிட்டு உடலைக் கீறுதலையும் மேனியில் எழுத்துக் குத்துதலையும் ஒருங்கே விலக்குகின்றது. இழவுக்கு உடலைக் கீறிக்கொண்ட அண்டை நாட்டாரினின்று இசுரவேலரைப் பிரித்து நிறுத்துவதே அதன் நோக்கம் என்பர் விவிலிய அறிஞர் பலர். குத்துதலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோ விவிலியத்துள் அவ்வோரிடத்தன்றி வேறெங்கும் வாராத அருஞ்சொல். அதே பிரிவின் 19-ஆம் தொடர் இருவகை இழை கலந்த ஆடையையும், 27-ஆம் தொடர் தாடியின் ஓரங்களைக் குறைத்தலையும் விலக்குகின்றன. முகத்தை மழுங்க மழித்து, பருத்தியோடு செயற்கையிழை கலந்த வெண்சட்டை அணிந்து மேடையேறி, 28-ஆம் தொடரை மட்டும் முழங்குவார் மற்றை இரண்டையும் எங்ஙனம் தாண்டினரோ!

காது மூக்குக் குத்துதற்கோ அத்தகைய தடைதானும் இல்லை. ஈசாக்குக்குப் பெண்கொள்ளச் சென்ற ஊழியன் இரெபெக்காளுக்கு மூக்கணி அணிவித்தான் என்கின்றது தொடக்க நூலின் 24-ஆம் பிரிவு. பேதுருவும் பவுலும் மகளிர்க்கு எழுதியவை, பகட்டினும் அகத்தழகே சிறந்தது என்னும் அறிவுரைகள். அவற்றில் பொன்னணியோடு தலைபின்னுதலும் சேர்த்தே சொல்லப்பட்டுள்ளது. சடைபின்னிய மகளிர்க்கு இடந்தரும் மன்றத்தார் தோட்டை மட்டும் பழிப்பானேன்?

பிறநாட்டுக் கிறித்தவர் வரலாறு இன்னும் தெளிவானது. உரோமப் பேரரசன் கான்சுதந்தைன் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றவாளிகளின் முகத்தில் குறி குத்துதலைத் தடுத்தான். கையிலும் கெண்டைக்காலிலும் குத்துதலைத் தடுக்கவில்லை. 787-இல் இங்கிலாந்துக்குச் சென்ற போப்பின் தூதர் புறச்சமய முறையில் குத்திக்கொள்வதைக் கண்டித்தனர். இறைவன்பொருட்டு அத்துன்பத்தை ஏற்பார்க்கோ கைம்மாறு உண்டென்றனர். எகிப்து நாட்டுக் கோப்துக் கிறித்தவர் இன்றும் வலக்கை மணிக்கட்டில் சிறு குருசைப் பச்சை குத்துகின்றனர். பச்சிளங் குழந்தைக்கும் குத்துவர். சிறுபான்மையினராய் நெருக்குண்டு வாழும் அம்மக்களுக்கு அதுவே தாம் இன்னார் என்று காட்டும் அழியா முத்திரை. எத்தியோப்பியக் கிறித்தவப் பெண்டிர் பலர்க்கு அது நெற்றியிலேயே உண்டு. எருசலேமுக்குத் திருச்செலவு போவார் அதன் நினைவாகக் கையில் குத்திக்கொள்வது பல நூற்றாண்டு வழக்கம். இவர்களெல்லாம் விவிலியம் அறியாதவரோ?

ஆகவே, தமிழ்நாட்டில் எழுந்த தடையின் ஒரு வேர் மேனாட்டார் கண்ணோட்டத்தில் உள்ளது. 1901 முதல் திருநெல்வேலிச் சீமையின் தோனாவூரில் தொண்டாற்றிய ஆமி கார்மைக்கேல் அம்மையாருடன் ஊழியஞ் செய்த தமிழ்ப் பெண்கள் தம் நகைகளைத் துறந்தனர். அவர்தம் ஈகம் போற்றத்தக்கதே. பொன்னே மதிப்பென்று மயங்கும் குமுகாயத்தில் அது துணிவுமாகும். ஆயினும் சிலர் விரும்பி மேற்கொண்ட துறவு எல்லார்க்கும் கட்டளையாதல் முறையன்று. அவர்க்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முன்னரே வந்த வீரமாமுனிவர், தமிழகத்துப் பெரியோர் கோலத்தில் காவியுடுத்து, காதில் முத்துக் கடுக்கனும் அணிந்திருந்தார் என்கின்றது 1822-இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு. தேம்பாவணி பாடிய கைக்கும் அக்கடுக்கன் காதுக்கும் உரியவர் ஒருவரே.

கோயிற் பூசையோடு காது குத்துதலை ஏலாத கிறித்தவர் பூசையை விலக்கிக்கொள்ளலாம். வடமொழியாளர் அதற்குக் கர்ணவேதம் என்று பெயரிட்டுத் தம் சடங்குகளுள் அடக்கினும், தமிழர் காதணி விழாவின் உயிர் தாய்மாமன் மடியும் சீருமேயன்றி மந்திரமன்று. வேளாங்கண்ணியில் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தும் கத்தோலிக்கத் தமிழர் இதனை எந்நாளோ கண்டுகொண்டனர். (நடிகர் பெயரையும் ஆங்கில எழுத்தையும் தோளிற் குத்திக்கொண்டு திரியும் இற்றை இளைஞர் பித்து வேறு, அதற்கு இங்குப் பரிவு தேட வேண்டா.)

கிறித்தவக் குடியில் தோன்றித் தனித்தமிழுக்கே உழைத்த பாவாணர் தம் பெயரைத் தேவநேசன் என்பதினின்று தேவநேயன் எனத் தமிழாக்கிக்கொண்டார். அதனால் அவர் கிறித்தவத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை. நெற்றிக் குருசோடு வரும் எத்தியோப்பியப் பெண்ணுக்கு உள்ளே இடமுண்டெனின், காதிற் கம்மலோடு வரும் தமிழ்ப் பெண்ணை வாயிலில் நிறுத்துதற்கு மூப்பர்க்கு என்ன உரிமை? அணிகழற்றும் அக்கட்டளையை அவர்கள் கைவிடுதல் வேண்டும். தங்கை மகவுக்குக் காதணி விழா என்று ஓலை வந்தால், கிறித்தவத் தாய்மாமன் தயங்காது சென்று மடி கொடுத்தல் வேண்டும்.