கொடுத்த கை தெரியாமல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் கரையோரத்துக்கு ஒரு பஞ்சம் வந்து போவது வழக்கம். மழை நீரில் மரக்காணத்து உப்பளப் பாத்திகள் மூழ்கிவிடும். உப்பு வாரும் குடும்பங்களுக்குக் கூலி நின்றுவிடும். பொம்மையார்பாளையத்தில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் வலைக்காரர் வீட்டு அடுப்பும் புகையாது.

அப்படியொரு மழைக்காலத்தில், தர்ம சிந்தையுள்ள சிலர் எங்கள் பள்ளிக்கூடத்து ஏழைப் பிள்ளைகளுக்குத் துணியும் நோட்டுப் புத்தகமும் அனுப்பியிருந்தார்கள. நான் தாழ்வாரத்தில் நின்று ஜாபிதாவைப் பார்த்துப் பெயர்களை உரக்கக் கூப்பிட்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராய் வந்து வாங்க, படமும் எடுத்தோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் தலை குனிந்தபடியே உட்கார்ந்திருந்தான். மறு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் தாயார் வந்தாள்.

"ஐயா, அவனுக்குத் துணி வேணாமின்னு இல்லீங்க. எல்லார் எதிரிலும் பேரைக் கூப்பிட்டீங்களே, அதுதான்" என்றாள்.

பட்டம் பெற்று இருபது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கு, அன்று பாடம் சொன்னவள் அந்த அம்மாள்தான்.

யூதர்களின் தர்ம நூல்கள் இந்த விஷயத்தை வெகு நுட்பமாக ஆராய்ந்திருக்கின்றன. தானத்தைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லுக்கு வேர்ப் பொருள் நீதி என்பதாகும். ஏழைக்குக் கொடுப்பது தயவன்று, கடமை என்பது கருத்து. ஜெருசலேம் ஆலயத்தில் 'இரகசிய அறை' ஒன்று இருந்ததாம். கொடுப்போர் அங்கே மறைவாய் வைத்துச் செல்வர். நல்ல குடியில் பிறந்து நொடித்துப் போனோர் மறைவாய் எடுத்துச் செல்வர். 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பிறந்து எகிப்தில் வைத்தியராய் வாழ்ந்து, 1204-இல் மறைந்த மைமோனிடிஸ் என்ற பேரறிஞர் தானத்துக்கு எட்டுப் படிகள் வகுத்தார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவர் இன்னாரென்று வாங்கியவரும், வாங்கியவர் இன்னாரென்று கொடுத்தவரும் அறியாதது இரண்டாவது படி. அதற்கும் மேலான முதற்படி எது? கடனோ, கூட்டுத் தொழிலோ, வேலையோ கொடுத்து, ஒருவன் இனிக் கையேந்தவே வேண்டாதபடி செய்வது.

இந்த முதற்படியின் பயனை நம் தமிழ்க் குடும்பங்களே அனுபவித்ததுண்டு. தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்தவர்களில் தமிழர் பலர். அவர்களுடைய குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்து வந்தது திருப்திகரமாக இல்லை. 1910-இல் ஹெர்மன் காலன்பாக் என்ற யூதச் சிற்பி, கட்டடங்களுக்குத் திட்டம் வகுப்பவர், ஜோஹானஸ்பர்க்குக்கு அருகே தமக்கிருந்த 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அவர்களுக்கு விட்டார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. பணத்தைக் கொடுத்து ஒதுங்காமல் காலன்பாக் தாமும் அங்கே வாழ்ந்து, உடன் உழைத்து, செருப்புத் தைக்கக் கற்று வந்து மற்றவர்க்கும் கற்பித்தார். டால்ஸ்டாயின் போதனையே அவரை ஈர்த்தது. ஆயினும் மைமோனிடிஸ் கண்டிருந்தால் முதற்படியென்றே மகிழ்ந்திருப்பார்.

காந்தியடிகளின் காரியதரிசியாயிருந்த ஸோன்ஜா ஷ்லேஸின் என்ற யூதப் பெண்மணியும் அத்தகையவரே. தலைவர்கள் சிறையிலிருந்த நாட்களில் போராட்டத்தின் கணக்கையும் காரியங்களையும் சுமந்தார். சம்பளத்தை உயர்த்தச் சம்மதிக்கவில்லை. பின்னாளில் பள்ளி ஆசிரியையாகி 1956-இல் மறைந்தார். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இப்பொழுது எங்கள் பள்ளியில் நோட்டுப் புத்தகங்கள் ஓர் அலமாரியில் பூட்டின்றி இருக்கின்றன. தேவைப்பட்டவன் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்பதில்லை. சிலர் ஒன்றுக்கு இரண்டாய் எடுக்கவும் கூடும். எடுக்கட்டும், ஒரு பிள்ளை தலை குனிவதைக் காட்டிலும் அந்த நஷ்டம் சிறியது. அந்தப் பையனும் திரும்பி வந்துவிட்டான். ஆனால் மழைக்காலத்தில் அவன் தகப்பனாருக்கு ஒரு வேலை கிடைப்பதே முதற்படி. அதற்கு ஓர் உபாத்தியாயரின் அலமாரி போதாது. ஊரே கூட வேண்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். உப்பு விளையும் ஊரில் இதை நான் பலமுறை யோசித்ததுண்டு. அது உண்டவனுக்குச் சொன்ன புத்தி. இட்டவன் எடுத்துச் சொல்லிக் காட்டுவதற்கு அன்று.