பின்வருவோர்க்கு ஒரு விளக்கு

திருக்கோயிலில் விளக்கிடுதல் நம் முன்னோர் தலைமேற்கொண்டு போற்றிய தொண்டு. திருவாரூரில் நெய் கிடையாதபோது குளத்து நீரையே வார்த்து விளக்கெரித்தார் நமிநந்தியடிகள். திருவொற்றியூரில் கைப்பொருள் யாவும் தீர்ந்தபின் தம் குருதியையே எண்ணெயாக வார்க்கத் துணிந்தார் கலியநாயனார். தில்லையில் விளக்கெரிக்கக் கொணர்ந்த புல் போதாமல் போன நாளில், தம் தலைமுடியையே எரித்தார் கணம்புல்ல நாயனார்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளும் இத்தொண்டின் பெருமையைச் சொல்கின்றன. ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து கொடுக்க வேண்டும். ஆடுகள் இறந்தாலும் மூத்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிறைத்து வந்ததால், அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். விளக்கை ஏற்றுவது எளிது. அணையாமல் காப்பதே அரிது. இதனை அறிந்தவர்களே அத்தகைய ஏற்பாட்டைச் செய்திருக்க முடியும்.

திருவாரூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாழ்ந்து வருகிறார். கார்த்திகை மாதத்துச் சோமவாரங்களில் மனைவியுடன் வேதாரண்யம் சென்று நெய்விளக்கு ஏற்றி வருவது அவருடைய வழக்கம். 'வேதாரண்யம் விளக்கழகு' என்னும் முதுமொழியைத் தம் மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தவர் அவர். அவருடைய கார் பழைய மாருதி 800. பதினைந்து ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பித்து, விற்க மனமின்றி வைத்திருந்தார். ஆயுதபூசையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்று கட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். புறப்படும் ஒவ்வொரு நாளும் முகப்பில் உள்ள பிள்ளையாருக்கு ஒரு பூ வைக்காமல் சாவியைத் திருப்ப மாட்டார்.

ஐப்பசியில் எண்ணெய் மாற்றுவதற்காகப் பட்டறையில் காரை விட்டபோது, அங்கிருந்த பையன் ஒரு செய்தி சொன்னான். "சார், இடது பக்கம் பிரேக் விளக்கு எரியலை. மாத்திடட்டுமா?" வீட்டுக்கு விருந்தினர் வரும் அவசரத்தில் இருந்தார் அவர். "பகலில்தானே ஓட்டுகிறேன், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். அதன்பின் அது நினைவுக்கே வரவில்லை. முன்விளக்கு எரியாவிட்டால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும். பின்விளக்கு எரியாதது பின்னால் வருபவருக்கு மட்டுமே தெரியும்.

அந்தக் கார்த்திகையின் மூன்றாம் சோமவாரம். மாலை நான்கு மணிக்கு மழை சற்று விட்டிருந்தது. வீட்டில் உருக்கிய நெய்யைச் சம்புடத்தில் நிரப்பி மடியில் வைத்துக்கொண்டார் அம்மையார். கார் திருத்துறைப்பூண்டியை நெருங்குகையில், ஈரச்சாலையின் குறுக்கே ஆட்டுக்குட்டி ஒன்று துள்ளி ஓடிவந்தது. தலைமையாசிரியர் பிரேக்கை அழுத்தினார். ஆட்டுக்குட்டி தப்பியது. அடுத்த நொடியில் காரின் பின்புறம் ஏதோ மோதும் ஓசை கேட்டது.

இறங்கிப் பார்த்தார். இருசக்கர வண்டி ஒன்று சாய்ந்து கிடந்தது. அதன் அருகே பள்ளிச் சீருடையில் எட்டு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். முழங்காலும் உள்ளங்கையும் சிராய்த்து இரத்தம் கசிந்தது. அவளுடைய சாப்பாட்டு டப்பா உருண்டு சாலையோரத்துத் தண்ணீரில் கிடந்தது. அவள் தந்தை பதறியபடி அவளைத் தூக்கினார்.

"முன்னால் வண்டி நிற்பது தெரியவில்லையா? பிள்ளையை ஏற்றிக்கொண்டு இப்படியா வருவது?" என்று அதட்டினார் தலைமையாசிரியர்.

அந்த இளைஞர் குரலை உயர்த்தவில்லை. "நானும் கொஞ்சம் நெருங்கித்தாங்க ஐயா வந்துட்டேன். ஆனா நீங்க நிறுத்துறது எனக்குத் தெரியவே இல்லை. உங்க வண்டியில சிவப்பு விளக்கு எரியலீங்களே."

தலைமையாசிரியருக்குப் பட்டறைப் பையனின் குரல் நினைவுக்கு வந்தது. அவர் வாய் அடைத்துப் போயிற்று. அதற்குள் அம்மையார் தண்ணீர்ப் புட்டியுடன் இறங்கி, "அழாதே பாப்பா, ஒண்ணுமில்லே" என்று சிறுமியின் காயத்தைக் கழுவத் தொடங்கியிருந்தார். நால்வரும் அருகிலிருந்த மருந்தகத்துக்குச் சென்று காயத்துக்கு மருந்திட்டனர். எலும்புக்கு ஊறில்லை. "தாத்தா, ஆட்டுக்குட்டிக்கு அடிபட்டுதா?" என்று கேட்டாள் சிறுமி. இல்லை என்று தலையசைத்தார் அவர். அதற்கு மேல் அவரால் எதுவும் பேச முடியவில்லை.

கடைத்தெருவில் வண்டி ஒயரிங் வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனார்கள். அவர் முதலில் பியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. பிறகு தலைமையாசிரியரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு, பின்விளக்கைத் திறந்து, சோதனை விளக்கின் முனையைப் பல்பு அமரும் குழிக்குள் வைத்தார். அது எரிந்தது. "மின்சாரம் இதுவரைக்கும் வருது சார். மிதிக்கு மேல இருக்கிற சுவிட்சு சரியா இருக்கு. கோளாறு இங்கேதான்" என்றார்.

இடப்பக்கத்துப் பல்பை மெல்ல உள்ளே அழுத்தி, இடப்புறம் திருப்பி எடுத்தார். அதன் கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தது. அதனுள் இரண்டு இழைகள் இருப்பதைச் சுட்டிக் காட்டினார். ஒன்று 5 வாட். இரவில் எப்போதும் மங்கலாக எரிவது. மற்றொன்று 21 வாட். பிரேக்கை அழுத்தும்போது மட்டும் பளிச்சென்று எரிவது. 21 வாட் இழை நடுவில் அறுந்து கிடந்தது. எரிய எரிய டங்ஸ்டன் இழை சிறிது சிறிதாக ஆவியாகி மெலியும். அந்த ஆவியே கண்ணாடியில் கரியாகப் படியும். மெலிந்த இழை ஒருநாள் அதிர்ச்சியில் அறும். மங்கலான இழை மட்டும் எரிந்துகொண்டிருந்தால், விளக்கு நன்றாக இருப்பதாகவே வீட்டார் எண்ணிவிடுவர்.

புதிய பல்பின் பக்கவாட்டில் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று சற்று மேலே, மற்றொன்று சற்றுக் கீழே. "மாத்திப் போட்டுடக் கூடாதுன்னுதான் இப்படிச் செஞ்சிருக்கான். இறங்கலைன்னா பலவந்தம் பண்ணக் கூடாது, திருப்பி வச்சுப் பார்க்கணும்" என்று சொல்லி, அதனைப் பொருத்தினார்.

வலப்பக்கத்துப் பல்பில் இழை அறவில்லை. ஆயினும் எரியவில்லை. குழிக்குள் இருந்த பித்தளைத் தொடுமுனையில் பச்சை நிறத்தில் களிம்பு ஏறியிருந்தது. மழைநீரும் கடற்காற்றின் உப்பும் செய்த வேலை. "விளக்கும் இருக்கு, மின்சாரமும் இருக்கு. ரெண்டும் சேர விடாம நடுவுல இது நிக்குது" என்று கூறி, உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தார். ஆணவ மலத்தைச் செம்பில் உறைந்த களிம்புக்குச் சைவ சித்தாந்தம் ஒப்பிடுவது தலைமையாசிரியருக்குத் தெரியும். அதை அவர் மேடைகளில் பேசியிருக்கிறார். தம் காரின் பின்புறத்தில் அதைக் காண்பார் என்று எண்ணியதில்லை.

பிரேக்கை மீண்டும் அழுத்தினார். இருபுறமும் சிவந்த ஒளி பரவியது. வேலை முடியக் கால்மணி நேரம் ஆயிற்று. பல்பின் விலை ஓர் அர்ச்சனைத் தட்டின் விலைகூட இல்லை.

"அறுபது கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி, ஒரு நொடியில பதினாறு, பதினேழு மீட்டர் ஓடிடும் சார். இந்த விளக்கு பின்னால வர்றவனுக்குக் கொடுக்கிறது அந்த ஒரு நொடியைத்தான்" என்றார் முதியவர்.

வேதாரண்யம் சேரும்போது இருட்டிவிட்டது. மறைக்காட்டீசர் சந்நிதியில் நெய்விளக்குகளை ஏற்றியபின், தம்பதியர் பிராகாரத்தில் அமர்ந்தனர். தலைமையாசிரியரின் முகம் தெளியவில்லை. அத்தலத்துக் கதை அவர் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது. சந்நிதியில் அணையும் நிலையில் இருந்த விளக்கின் நெய்யை உண்ண வந்தது ஓர் எலி. அதன் மூக்குப் பட்டுத் திரி தூண்டப்பட்டு விளக்கு சுடர்விட்டது. அறியாமல் செய்த அத்தொண்டுக்கே இறைவன் அதனை மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறப்பித்தான்.

"எலி அறியாமல் தூண்டியது, உலகாளும் பேறு பெற்றது. நான் ஒரு விளக்கு அணைந்திருப்பதை அறிந்தும் ஒன்றரை மாதம் அப்படியே விட்டுவைத்தேன். எனக்கு என்ன கிடைக்கும்?" என்று மனைவியிடம் கேட்டார்.

அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்தக் குழந்தை பிழைச்சுது, அது கிடைச்சிருக்கு. இன்னிக்கு முதல் விளக்கை வழியிலேயே ஏத்திட்டோம்னு வச்சுக்கோங்க. இனிமே அது அணையாம பார்த்துப்போம்" என்றார்.

மறுவாரம் அவர்கள் புதிய சாப்பாட்டு டப்பா ஒன்றை வாங்கிக்கொண்டு அச்சிறுமியின் வீட்டுக்குச் சென்றனர். காயம் ஆறியிருந்தது.

இப்போதெல்லாம் தலைமையாசிரியர் புறப்படும்போது பிள்ளையாருக்குப் பூ வைத்தபின் பிரேக்கை ஒருமுறை அழுத்துகிறார். பின்னால் நின்று பார்க்கும் அம்மையார் "ரெண்டும் எரியுது" என்று சொன்ன பிறகே வண்டி நகர்கிறது. அம்மையார் ஊரில் இல்லாத நாள்களில், மாலை மங்கியதும் காரின் பின்புறத்தைச் சுவருக்கு அருகே நிறுத்தி, பிரேக்கை அழுத்தி, சுவரில் இருபுறமும் சிவப்பு ஒளி விழுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறார். காரில் எப்போதும் இரண்டு மாற்றுப் பல்புகள் இருக்கின்றன.

தமக்கு வழி தெரிய ஏற்றும் விளக்கு தேவை. பிறருக்கு வழி தெரிய ஏற்றும் விளக்கு தருமம். கோயிலுக்குப் புறப்படும் அன்பர்கள், வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளையும் பேரர்களையும் அழைத்து, பின்னால் நின்று ஒருமுறை பார்த்துச் சொல்லலாம். முதுமையில் செய்யக்கூடிய எளிய விளக்குத் தொண்டு அது. அதற்கு நெய்யும் வேண்டியதில்லை, திரியும் வேண்டியதில்லை.