தோல் வேண்டும், கறி வேண்டாம்

ஆம்பூர் பிரியாணியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஆற்காட்டு நவாபிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். நவாபின் சமையற்காரர், சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தொட்டுக்கொள்ளப் புளிப்பும் எண்ணெயுமாகக் கத்தரிக்காய், தயிர் வெங்காயம். அப்புறம் பெங்களூர் நெடுஞ்சாலையில் காரை நிறுத்திச் சாப்பிட்ட கதை. யூடியூபில் போய்ப் பாருங்க, இந்த வரிசை மாறவே மாறாது. நவாபோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் ஆம்பூரில் மதியம் பிரியாணிக் கடையில் உட்காருகிறவர்களில் பலர் நவாபின் வாரிசும் இல்லை, காரில் வந்தவர்களும் இல்லை. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர்கள், டேனரியில் ஈரத்தோல் தூக்குகிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள். அவர்கள் தட்டில் இருப்பது பல நேரம் மாட்டுக்கறி.

அந்தக் கடைகளுக்குப் பெரிதாகப் பெயர்ப் பலகை கிடையாது. நாலு பெஞ்சு, வாசலில் சிவப்புத் துணி சுற்றிய தேக்சா, பக்கத்தில் சுக்காவுக்கு ஒரு தோசைக்கல். "பாய், ஒரு அரை பிளேட், பீஸ் பாத்துப் போடுங்க." "உக்காருங்கண்ணே, இப்பதான் தம் ஒடச்சேன்." இவ்வளவுதான் பேச்சு. மட்டனுக்குக் கொடுக்கிற காசில் பாதிகூட ஆகாது, வயிறு நிறையும், சாயந்திரம் வரை நின்றுகொண்டே வேலை பார்க்கத் தெம்பு இருக்கும். சமைக்கிறவர் முஸ்லிம், சாப்பிடுகிறவர் தலித், பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் சொம்பை நகர்த்திக் கொடுப்பவர் யாரோ. யாரும் யாரையும் கேட்பதில்லை. சமூக நல்லிணக்கம் என்று அரசு விழா மேடைகளில் மைக் பிடித்துச் சொல்கிறார்களே, அது அந்த பெஞ்சில் எந்த பேனரும் இல்லாமல் தினம் ஒரு மணிக்கு நடக்கிறது.

2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. (வேலூரிலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமான திருப்பத்தூருக்குள்தான் ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது இருக்கின்றன.) 13 முதல் 15 வரை மூன்று நாள், இருபதுக்கும் மேற்பட்ட பிரியாணி வகைகள். பட்டியலில் மாட்டுக்கறி இல்லை. எதிர்ப்பு கிளம்பியது; விழா வாசலிலேயே பீஃப் பிரியாணியை இலவசமாகக் கொடுப்போம் என்று அறிவித்தார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு ஆகாதா என்று ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. நிர்வாகம் மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தது. மழைதான் எவ்வளவு நல்ல அதிகாரி பாருங்க, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அன்றைக்கு நிர்வாகத்துக்காகப் பேசியவர்கள் ஒரு நியாயம் சொன்னார்கள். பன்றிக்கறியும்தானே இல்லை, ரெண்டு பக்கமும் மனம் புண்படக்கூடாது அல்லவா? கேட்க நடுநிலை மாதிரி இருக்கும். பன்றிக்கறி சாப்பிடுவதும் ஒருவரின் உரிமைதான், அதில் தகராறு இல்லை. ஆனால் ஆம்பூர் பிரியாணி என்ற பெயரை வளர்த்ததில் பன்றிக்கறி பிரியாணிக்கு என்ன பங்கு? எந்தத் தெருவில் அதற்கு வரிசை நின்றது? தராசில் ஒரு பக்கம் நிஜ எடை, மறுபக்கம் தேவைக்குக் கொண்டுவந்து வைத்த கல். சமன் செய்ததாகக் காட்டிவிட்டு, ஊர் நிஜமாகவே சாப்பிடுகிற ஒன்றை வெளியே தள்ளினார்கள்.

இது சட்ட விவகாரமும் இல்லை. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைத் தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைச் சான்றிதழ் பெற்று அறுக்க அனுமதிக்கிறது. கடை திறந்துதான் இருக்கிறது. தடை விழா மைதானத்துக்குள் மட்டும்தான்.

எரிச்சல் வருவது இங்கேதான். இந்த ஊரே மாட்டின் மேல் நிற்கிறது. உப்பு போட்ட தோல் வருகிறது, சுண்ணாம்பில் ஊறுகிறது, மயிரும் சதையும் சுரண்டப்படுகிறது, குரோம் டிரம்மில் உருளுகிறது, நீலநிறமாக வெளியே வருகிறது, ஷூவாகி ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போகிறது. அந்நியச் செலாவணி என்று பெருமை பேசுகிறோம். பாலாற்றைப் பலி கொடுத்தோம். 1996-இலேயே உச்ச நீதிமன்றம் டேனரிக் கழிவு பற்றித் தீர்ப்பு சொல்லிவிட்டது, ஆற்றின் கதை உங்களுக்கே தெரியும். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளிகள் செத்தார்கள். இத்தனைக்கும் பிறகு அதே மாட்டின் தோலுக்கு ஏற்றுமதி விருது, கறிக்கு முகச்சுளிப்பு. தோலில் ஒட்டாத தீட்டு கறியில் மட்டும் எப்படி ஒட்டுகிறது? தோலின் லாபம் ஒருவருக்குப் போகிறது, கறி இன்னொருவர் தட்டுக்கு வருகிறது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது நம் ஊர்களில் ஷவர்மா கம்பி சுழலாத கடைத்தெரு இல்லை. அந்தச் சொல்லே 'சுழற்றுவது' என்ற துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. அதன் மூத்த சகோதரன் டோனர். 1961-இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. அப்படிப் போனவர்கள் வழியாக டோனர் பெர்லினின் தெருச்சாப்பாடு ஆனது. அங்கே அது பெரும்பாலும் மாட்டுக்கறிதான். பெர்லின் போய்விட்டு வருகிற நம் நண்பர்கள் முக்குக்கடை டோனரைப் பற்றி உருகி உருகி எழுதுகிறார்கள். உழைக்கிறவர்களின் உணவு ஒரு நகரத்தையே வென்றுவிட்டதாம். சரிதான், ஆனால் பாதிக் கதை. 2000-க்கும் 2006-க்கும் இடையில் நவநாஜிக் கும்பல் ஒன்று துருக்கி, கிரேக்க வம்சாவளிச் சிறுவியாபாரிகள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றபோது ஜெர்மன் பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் 'டோனர் கொலைகள்'. அவர்களில் பெரும்பாலோர் டோனர் கடைக்காரர்களே அல்ல. ருசித்துச் சாப்பிடுவது வேறு, சமைத்தவனை மனுஷனாக மதிப்பது வேறு. பீஃப் சாப்பிடுகிற படத்தைப் போட்டுவிட்டால் புரட்சி முடிந்தது என்று நினைக்கிற நம்மாட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேரணாம்பட்டு அழகிய பெரியவனைப் படித்துவிட்டு நெகிழ்கிறீர்கள், நல்லது. பேரணாம்பட்டு ஆம்பூருக்குப் பக்கம்தான், ஒருநாள் இறங்கி அந்த பெஞ்சிலும் உட்காருங்கள். அரசு விழாவில் அந்தக் கடைக்கு இடம் கேட்டு ஒரு மனுவும் போடுங்கள்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அதே 2022 ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் அரசு உணவுத் திருவிழா நடந்தது. தொடக்கத்தில் பீஃப் கடை இல்லை. கேள்வி எழுந்தது, விழா முடிவதற்குள் கடை வந்தது, கூட்டமும் வந்தது. யாருடைய மனமும் புண்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சென்னையில் முடிந்தது ஆம்பூரில் ஏன் முடியாது? பெஞ்சுகூட வேண்டாம், அவர்களே எடுத்துவருவார்கள். மைதானத்தில் பத்துக்குப் பத்து இடம், ஒரு தண்ணீர்க் குழாய், மற்ற கடைகளுக்குத் தருகிற அதே அனுமதிச் சீட்டு. பலகையில் மட்டும் 'சிறப்பு வகை' என்று மழுப்பாமல் மாட்டுக்கறி பிரியாணி என்றே எழுதட்டும்.