கூத்தாடியும் கூலிக்காரனும்

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இரவெல்லாம் ஆடுகிறவன், எப்போது விடியும் என்று கீழ்வானை நோக்குகிறான். பகலெல்லாம் உழைக்கிறவன், எப்போது பொழுது சாயும் என்று மேல்வானை நோக்குகிறான். திசைதான் வேறு, களைப்பு ஒன்றே. எழுத்தறியாத பாமரன் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினான். கற்றறிந்த நாமோ கலைஞனை வானளாவப் புகழ்கிறோம். அல்லது தெருவில் விட்டுத் தூற்றுகிறோம். தொழிலாளி என்று அவனை ஏற்க மட்டும் மறுக்கிறோம்.

இம்மறுப்பு இன்று நேற்று வந்ததன்று. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் ஓய்வு நேரத்திலே அரிதாரம் பூசினர். நாடகத்துக்கு மதிப்பு வந்தது, நல்லதே. ஆனால், நாடகத்தால் மட்டுமே உலையேற்ற வேண்டியிருந்தவனுக்கு அப்போதும் கிடைத்த பட்டம் 'கூத்தாடி' என்பதே. பொழுதுபோக்குக்காக ஆடினால் பெருமை. வயிற்றுக்காக ஆடினால் சிறுமை! இது கலையைப் பற்றிய தீர்ப்பா? அன்று, உழைப்பைப் பற்றிய தீர்ப்பு.

நடிகனை உருவாக்கும் பள்ளி நம்மிடம் இல்லாமல் இல்லை. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். பாட்டும் வசனமும், தெளிந்த உச்சரிப்பும், மேடை ஒழுக்கமும் அங்கே சிறுவர்களுக்கு ஊட்டப்பட்டன. டி.கே.எஸ். சகோதரர்கள் அப்பாசறையில் வளர்ந்தவர்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி எம்.ஜி.ஆரையும் பி.யு. சின்னப்பாவையும் தந்தது. அப்பயிற்சியின் அருமையை எவரும் மறுக்க முடியாது.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அக்கம்பெனிகளிலே சேர்ந்த சிறுவர்களிற் பலரைக் கொண்டுவந்து விட்டது கலையார்வம் அன்று, வீட்டு வறுமை. மூன்று வேளைச் சோறு உண்டு என்பதே பெற்றோருக்கு ஆறுதல். ஏட்டுக் கல்வி எட்டாக்கனி. பெண்குரலிலும் பாலகக்குரலிலும் பாடிய சிறுவனுக்கு ஒரு நாள் குரல் உடையும், மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை கைதட்டல் பெற்றவனுக்கு மேடையிலே வேலை இல்லை. வேறு தொழிலும் தெரியாது. கம்பெனி அவனைக் கலைக்கு ஆயத்தப்படுத்தியது, வாழ்வுக்கு ஆயத்தப்படுத்தவில்லை. நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் எல்லாம் மகரக்கட்டைத் தாண்டி வந்தவர்கள். தாண்டமுடியாமல் வீழ்ந்தவர்களின் பெயரை எந்த ஏடு எழுதிவைத்தது?

"கலைஞனுக்குக் கணக்கும் ஒப்பந்தமும் சங்கமும் எதற்கு? கலை கெட்டுவிடுமே!" என்பார் உளர். பசித்தவன் மூச்சு நாதசுரத்துக்கு எத்தனை நாள் போதும்? இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. சமுதாயத்துக்குக் கலையால் ஆகவேண்டியது என்ன? களிப்பூட்டுவது மட்டும்தானா? மக்கள் மனத்திலே உள்ளதை அஞ்சாமல் மேடையிலே சொல்வதன்றோ! நாளைக்கு அரிசி உள்ளவனே இன்று "முடியாது" என்று மறுத்துரைக்க வல்லவன். புரவலன் கையை எதிர்பார்த்து நிற்பவன் புரவலன் விரும்பும் பாட்டைத்தான் பாடுவான்.

விதிவிலக்கு உண்டு. முருகன் வேடத்திலே நின்று விடுதலைப் பாட்டுப் பாடிய விசுவநாததாஸ், சிறை பல கண்டும் வாய் மூடவில்லை. 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில், சென்னையிலே, மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவரை வணங்குவோம். ஆயினும், ஒவ்வொரு கலைஞனும் விசுவநாததாஸ் ஆகவேண்டும் என்று எதிர்பார்த்துவிட்டு நாம் கைகட்டி நிற்பது நியாயமா? ஒருவன் தியாகத்தைக் காட்டிப் பல்லாயிரவர் கூலியை மறைப்பது வஞ்சகம்.

2020 மார்ச்சிலே ஊரடங்கு வந்தது. பங்குனி முதல் ஆடி வரை ஊர்த் திருவிழாக்களிலே ஆடிப் பாடித்தான் தெருக்கூத்துக் கலைஞரும் கரகக் கலைஞரும் ஆண்டு வருவாயின் பெரும்பகுதியை ஈட்டுகின்றனர். அந்தப் பருவம் முழுதும் பறிபோயிற்று. எழுதிய ஒப்பந்தம் இல்லை, சேமநிதி இல்லை. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் உண்டு. ஆனால் பெயரைப் பதியாதவனுக்கு வாரியம் இருந்தென்ன, இல்லாமற்போனாலென்ன?

ஆகவே நாம் வேண்டுவது இது. பல மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகள் நாதசுரமும் தவிலும் தேவாரமும் பரதமும் கற்பிக்கின்றன. அவற்றிலும், கூத்துப் பயிற்சிக் கூடங்களிலும், கல்லூரி நாடகத் துறைகளிலும் பயில்கிற ஒவ்வொருவருக்கும் தொழில்வாழ்வும் ஒரு பாடமாகட்டும். ஒப்பந்தத்தைப் படிக்கவும், கூலியைப் பேசவும், குரலையும் மூட்டையும் காக்கவும், வாரியத்தில் பதியவும், சங்கம் சேரவும் கற்றுக்கொடுக்கட்டும். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் தாமே சங்கம் கண்டு தம் தொழிலை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். எவரும் கற்பிக்காமலே அவர்கள் கற்ற பாடத்தை, இளையோர் பள்ளியிலேயே கற்கட்டும்.

தோழர்களே, அரசைக் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் மாநாடுகளிலே பேச்சாளர் வரும்வரை கூட்டத்தைக் கட்டி வைப்பவர் யார்? பறையிசைப்போரும் பாட்டிசைப்போரும் அல்லரோ! ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் முன்பணம் கொடுக்கிறோம். கலைஞருக்கோ ஒரு துண்டைப் போர்த்தி, "நம் தோழர்தானே" என்று சொல்லிப் பேருந்து நிலையத்துக்கு வழிகாட்டுகிறோம். தோழமை கூலிக்கு ஈடாகாது. இனி நம் மேடை ஏறும் ஒவ்வொரு கலைஞருக்கும் தொகையை எழுத்திலே பேசுவோம். மேடை ஏறுமுன்னே கையிலே கொடுப்போம். உணவும் வழிச்செலவும் நம் பொறுப்பு என்போம்.

கிழக்கே பார்ப்பவனும் மேற்கே பார்ப்பவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கட்டும். இருவரும் ஒரே இனம் என்பது அப்போது விளங்கும். அதை விளங்கவைக்கும் வேலையை நம் அடுத்த கூட்டத்திலிருந்தே தொடங்குவோம்.