வல்கா தித்தாவை எப்படி அழைத்திருப்பாள்?

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் சித்தி மகளுக்காக, சென்ற மாதம் ஓர் ஆங்கில நாவலின் முதல் சில பக்கங்களைத் தமிழில் எழுதி அனுப்பினேன். படித்துவிட்டு அவள் தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அக்கா, ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ்தானே? அப்புறம் எதுக்கு ஒருத்தி மட்டும் 'நீங்க'ன்னு பேசுறா?" மொழியியலில் முதுகலை முடித்து, முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கும் எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நாவல், தேவிகா ரங்காச்சாரி எழுதி 2014இல் வெளிவந்த 'குயின் ஆஃப் ஐஸ்'. இளையோருக்கானது. ('இளையோர் நாவல்' என்றதும் அடுத்த பதிவுக்குச் சென்றுவிடும் கல்விப்புல நண்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.) ஆசிரியர் வரலாற்றாய்வாளர், முற்கால இடைக்கால வட இந்தியப் பெண்கள் குறித்து ஆய்ந்தவர். கதை நிகழ்வது பத்தாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தில். லோஹர நாட்டு இளவரசி தித்தா அழகும் கூர்மதியும் உடையவள். கால் ஊனமுற்றவள் என்பதால் தந்தையின் வெறுப்புக்கு ஆளானவள். அவளைத் தூக்கிச் சுமப்பதற்கென்றே அமர்த்தப்படும் வலிமை மிக்க பெண் வல்கா. தித்தாவின் குரலோடு வல்காவின் குரலிலும் கதை நகர்கிறது.

வல்கா முழுக் கற்பனை அல்லள். கல்ஹணர் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ராஜதரங்கிணியின் ஆறாம் தரங்கத்தில், சுமை தூக்குவோர் குலத்தில் பிறந்து அரசியைச் சுமந்தவளாக அவள் வருகிறாள்; அவள் பெயரால் ஒரு மடம் எழுந்ததும் அங்கே பதிவாகியுள்ளது. அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த இடம். தித்தாவுக்கோ கல்ஹணர் தாராளமாகவே இடம் தருகிறார்: கணவன் க்ஷேமகுப்தன் 958இல் இறந்தபின் மகனின் பெயரால் ஆண்டது, பேரன்களை ஒருவர்பின் ஒருவராக ஒழித்தது, 980 முதல் 1003 வரை தானே அரியணையில் இருந்தது எல்லாம் விரிவாகவே உள்ளன. சொந்தப் பேரன்களையே விட்டுவைக்காதவள் என்று சொல்லப்படும் ஒருத்திக்கும் அவளைத் தோளில் சுமந்தவளுக்கும் இடையே நட்பு இருந்திருக்க முடியுமா என்பதே நாவலை நான் கையில் எடுத்ததற்குக் காரணம்.

ஆங்கிலத்தில் இந்நட்பை எழுதுவதில் ஒரு வசதி உண்டு. இருவருக்கும் ஒரே 'யூ'. அரசிக்குரிய விளிச்சொற்களைச் சேர்க்கலாம், விடலாம். வினைச்சொல்லில் உயர்வு தாழ்வு ஏறாது. தமிழில் ஒரு வாக்கியத்தைக்கூட அப்படித் தொடங்க இயலாது. 'குளிர்கிறதா?' என்பதோடு நின்றுவிட்டால் தப்பிக்கலாம். 'போர்வை வேண்டுமா?' என்றும் தப்பிக்கலாம். 'எழுந்திரு' என்பதா, 'எழுந்திருங்கள்' என்பதா என்னும் இடத்தில் மொழி நம்மைப் பிடித்துக்கொள்கிறது. நான் வல்காவுக்கு 'நீங்கள்' கொடுத்தேன், தித்தாவுக்கு 'நீ' கொடுத்தேன். அதைத்தான் தங்கை கேட்டாள்.

ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் இருவரும் 1960இல் எழுதிய கட்டுரையை மொழியியல் மாணவர்கள் அனைவரும் முதல் பருவத்திலேயே படித்துவிடுகிறோம். இருவரும் ஒரே வடிவத்தைப் பரிமாறிக்கொண்டால் அது தோழமையின் களம். ஒருவர் மேல்வடிவத்தைக் கொடுத்துக் கீழ்வடிவத்தைப் பெற்றால் அது அதிகாரத்தின் களம். அவர்களின் சான்றுகள் பெரிதும் ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்தவை. நமக்கு அது புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டிய செய்தியும் அன்று. ஆயினும் இந்திய ஆங்கிலத்தில் எழுதப்படும் இளையோர் நாவல்களை, வர்க்கமும் சாதியும் கடந்த நட்பைச் சொல்கின்றன என்று நாம் பாராட்டும்போது இதை மறந்துவிடுகிறோம். அந்தச் சிறுமிகள் எந்த மொழியில் பேசியிருப்பார்களோ அந்த மொழி கேட்கும் சுங்கத்தை ஆங்கிலம் கேட்பதில்லை. கடக்க வேண்டிய வேலி அங்கே முதலிலேயே பிடுங்கப்பட்டிருக்கிறது. இது ஆசிரியரின் குறை அன்று, எழுதும் மொழியின் இயல்பு. ஆனால் மொழிபெயர்ப்பாளர் அதே வசதியைத் தமிழுக்குள் கடத்திவந்து இருவருக்கும் 'நீ' போட்டுவிட்டால், அது பொய்க்கணக்கு என்றே கருதுகிறேன்.

மரபைக் காட்டி மறுப்போர் இருக்கலாம். அதில் நியாயமும் உண்டு. தோழி என்பவள் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுக்கிறது. அதாவது தமிழ் இலக்கியத்தின் முதல் தோழியே வளர்த்தவள் வீட்டுப் பெண். அவளோ தலைவியை 'நீ' என்கிறாள், தலைவனையும் 'நீ' என்கிறாள்; தலைவியும் அவளும் ஒருவரையொருவர் 'தோழி' என்றே விளிக்கிறார்கள். ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் வந்த உயர்வுச்சொல்லே, இலக்கண நெறியன்று என்று அதே தொல்காப்பியம் பிரித்துக் காட்டவும் செய்கிறது. இடைப்பட்ட காலத்தில் வழக்கு வென்றுவிட்டது. இன்று பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் காதில் விழும் தமிழ், சங்கத் தமிழ் அன்று. வல்காவின் 'நீ' அவளுக்கு அகநானூற்றை நினைவூட்டாது. வல்கா அரசியோடு சம உரிமையில் பேசுகிறாள் என்றுதான் கேட்கும்.

இதை நான் கொள்கையாக மட்டும் சொல்லவில்லை. எங்கள் வயலில் வேலை செய்தவரின் மகள் என் வயதுக்காரி. ஐந்தாம் வகுப்புவரை ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. நான் அவளை 'வாடி' என்பேன். அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்று 'வாங்க, விளையாடலாம்' என்பாள். பள்ளியில் எல்லோர் முன்னிலையிலும் என்னை 'நீங்க' என்றால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். 'நீ' என்றால் செய்தி வீட்டுக்குப் போய்விடும். எனவே அங்கே அவள் என்னோடு எழுவாயே இல்லாமல் பேசினாள். 'எழுதியாச்சா?' 'சாப்பிட்டாச்சா?' 'டீச்சர் கூப்பிடுறாங்க.' எட்டு ஒன்பது வயதில் அவள் கையாண்ட அந்த நுட்பத்தைப் பிற்காலத்தில் ஒரு கருத்தரங்கில், முன்னிலை தவிர்ப்பு உத்தி என்னும் தலைப்பில், வேறு யாரோ தந்த தரவுகளைக் கொண்டு விளக்கினேன். கைதட்டல் கிடைத்தது. பேசி முடித்து இருக்கைக்குத் திரும்பும்போதுதான் அவள் குரல் நினைவுக்கு வந்தது.

நாங்கள் தோழிகள் என்றே நான் அன்று நினைத்திருந்தேன். இன்றும் அதைப் பொய்யென்று தள்ள மனம் வரவில்லை. நட்பு இருந்தது, அதற்குரிய விலையை அவள் மட்டும், ஒவ்வொரு வினைமுற்றிலும், கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எனவே மொழிபெயர்ப்பில் 'நீங்கள்' அப்படியே இருக்கும். ஆனால் தங்கையின் கேள்விக்குப் பின் ஒன்றை மாற்றியிருக்கிறேன். வல்கா தானே கதை சொல்லும் பகுதிகளில் தித்தாவை முதலில் 'அவர்' என்று எழுதியிருந்தேன், பழக்கத்தால். அங்கே அவளைக் கேட்க அரண்மனை ஆட்கள் யாரும் இல்லை. வாசகர் மட்டுமே இருக்கிறார். இப்போது அவ்விடங்களில் எல்லாம் 'அவள்'. தித்தாவின் முகத்துக்கு நேரே 'நீங்கள்', தன் மனத்துக்குள் 'அவள்'. இது மூலத்தில் இல்லாத ஒரு முடிவு. மொழிபெயர்க்கும் நண்பர்கள் கண்டிக்கலாம், கேட்டுக்கொள்வேன்.

திருத்திய பக்கங்களைத் தங்கைக்கு அனுப்பினேன். "இப்போ சரியா இருக்கு" என்றாள். எனக்குத்தான் இன்னும் ஓர் ஐயம். மாலையில் விளையாடிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனபின் அம்மாவிடம் என்னைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள்? 'அவ' என்றா, 'அவங்க' என்றா?